குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் இரண்டு நேர்காணல்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் வந்திருந்தன. இடப்பக்கம் ஒரு நாவலாசிரியர். வலப்பக்கம் சிறுகதை எழுதும் ஒருவர். இருவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டிரண்டு பேர், இருவரும் முழுநேர வேலையில் இருப்பவர்கள். இதெல்லாம் அறிமுகக் குறிப்பிலேயே இருந்தது. நாவலாசிரியரிடம் பதினொரு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன். மொழி, வரலாறு, வடிவம், விமர்சகர்கள் எல்லாம் இருந்தன. பிள்ளைகள் ஒன்றிலும் இல்லை. சிறுகதை எழுதுபவர் பெண். அவரிடம் முதல் கேள்வியே, "வேலை, குடும்பம், குழந்தைகள், எழுத்து... எல்லாவற்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" அவரும் பாவம், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவேன் என்று சொல்லிவைத்தார். அதையே பெரிய எழுத்தில் தலைப்பாகவும் போட்டுவிட்டீர்கள்.

அந்தத் தலைப்பு எங்கள் வீட்டில் ஒரு வேலை பார்த்தது. ஞாயிறு காலை என் கணவர் அதைப் படித்துவிட்டு, நல்ல மனதோடுதான், "நீயும் நாலு மணிக்கு எழுந்து பாரேன்" என்றார். நான் ஏற்கெனவே எழுந்து பார்த்தவள் என்பது அவருக்கு நினைவில்லை. நினைவிருக்கவும் வழியில்லை. அந்த மூன்று மாதமும் அவர் ஆறரை வரை தூங்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது 42. வாகனக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலரை. பத்து வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். எழுதி முடித்தவை 14; அச்சில் வந்தவை ஆறு. அதில் ஒன்று உங்கள் இணைப்பிதழில்தான் வந்தது.

எங்கள் படிவத்தில் 'விபத்து நடந்த விதம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான்கு வரி எழுதத்தான் இடம். நாள் முழுக்க நான் படிப்பது அந்த நான்கு வரிகளைத்தான். பிரேக் பிடித்தேன், பிடிக்கவில்லை, எதிரே வந்த வண்டி விளக்குப் போடவில்லை. இப்படியே போகும். திடீரென்று ஒருவர், "நாய் குறுக்கே வந்தது. அன்று காலையிலிருந்தே எனக்கு மனது சரியில்லை" என்று எழுதியிருப்பார். படிவத்துக்கு வேண்டியது முதல் வாக்கியம். எனக்கு வேண்டியது இரண்டாவது. கோப்பில் வரும் யாருடைய வாழ்க்கையையும் கதைக்குள் எடுப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஆனால் மனிதர்கள் ஒரு விஷயத்தைச் சொல்ல வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் போகிற விதத்தை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதனால் 'வேலை எழுத்துக்கு எதிரி' என்று யாராவது புலம்பினால் என்னால் கூடச் சேர்ந்து புலம்ப முடிவதில்லை. வேலை எனக்குக் கதை கொடுத்தது. வேலை எடுத்துக்கொண்டது மாதக் கடைசி வாரத்தை மட்டும்தான்.

இனி அந்த நான்கு மணி.

மகனுக்கு அப்போது இரண்டு வயது. அலாரம் சத்தம் போட்டால் வீடே எழுந்துவிடும் என்று போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்குள் சொருகிக்கொள்வேன். அதிர்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவேன். நான் எழுந்த சத்தம் அவனுக்குக் கேட்காது. ஆனால் பக்கத்தில் சூடு போனால் தெரிந்துவிடும். பத்தே நிமிடத்தில் கதவோரம் வந்து நிற்பான். மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தட்டச்சு செய்வேன். ஒரு கையால் தட்டினால் வாக்கியங்கள் குட்டையாகிவிடும். அதைப் பார்த்து ஒரு நண்பர் "உங்கள் நடை இப்போது செறிவாக இருக்கிறது" என்று பாராட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது வாரம் அலுவலகத்தில் ஓர் இழப்பீட்டுத் தொகையில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாக அடித்துவிட்டேன். மேலதிகாரி கண்ணில் பட்டதால் தப்பித்தது. அவர் திட்டவில்லை. "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. அன்றோடு நான்கு மணியை விட்டேன். மூன்று மாதத்தில் எழுதி முடித்தது ஒரே ஒரு கதை. இப்போது எடுத்துப் படித்தால் சிரிப்பு வருகிறது: அதில் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பையன்கூட முதலிலிருந்து கடைசிவரை சுவரில் சாய்ந்துகொண்டேதான் பேசுகிறான்.

இதைச் சொன்னால் உடனே யாராவது அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனை இழுத்துக்கொண்டு வருவார்கள். அவர் பதிப்பகத்தில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, மணமுறிவுக்குப் பிறகு இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து எழுதினார் என்பது உண்மைதான். 1970-இல் முதல் நாவல் வந்தது, 1993-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்த நேரத்தைத் தான் ஏன் தேர்ந்துகொண்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்: பிள்ளைகள் 'அம்மா' என்று கூப்பிடத் தொடங்குமுன் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். வேறு வழியில்லாமல் ஒருவர் செய்ததை எடுத்து மற்றவர்களுக்குப் பத்தியம் மாதிரி எழுதிக்கொடுக்கிறோம். அவரிடம் "வேறு யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை மணிக்கு எழுதியிருப்பீர்கள்?" என்று கேட்க எனக்கு ஆசை.

'நேரம் இல்லை' என்று நாங்கள் சொல்லும்போது கேட்பவர்கள் அதை மணிக்கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் எழுந்து பார், கைப்பேசியைத் தள்ளி வை, தொடர் பார்ப்பதை நிறுத்து என்றெல்லாம் யோசனை சொல்ல முடிகிறது. கூட்டிப் பார்த்தால் எனக்கும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் தேறும். ஆனால் அது ஆறு பத்து நிமிடங்களாகத் தேறும். அந்தப் பத்து நிமிடங்களில் நான் என்னென்னவோ செய்வேன். மின்னஞ்சலுக்குப் பதில் போடுவேன், துணி மடிப்பேன், பள்ளி டைரியில் கையெழுத்துப் போடுவேன். கதை மட்டும் எழுத முடியாது. கதைக்குள் போக எனக்குக் கால் மணி நேரம் ஆகும். எங்கே விட்டேன், அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் இன்னும் எதைச் சொல்லவில்லை என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வர வேண்டும். வந்து சேர்கிற நேரத்தில், "அம்மா, பென்சில் சீவி எங்கே?" எழுந்துபோய் எடுத்துக் கொடுக்க அரை நிமிடம்தான். திரும்பி உள்ளே போக மறுபடியும் கால் மணி நேரம். பென்சில் சீவியின் விலை இது என்று ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? சொல்லவும் கூடாது.

துண்டு நேரத்துக்கும் சில வேலைகள் உண்டு என்பதைப் பின்னால்தான் கண்டுபிடித்தேன். எழுதியதை வெட்டலாம். வெட்டுவதற்குக் கதைக்குள் முழுக்கப் போக வேண்டியதில்லை, வாசலில் நின்றே வெட்டலாம். பாத்திரங்களுக்குப் பெயர் தேடலாம். ஒரே பத்தியில் 'ஆனால்' எத்தனை முறை வருகிறது என்று பார்க்கலாம். இன்னொரு தந்திரமும் இருக்கிறது, தமிழில் எழுதுகிறவர்களுக்கு வாய்த்தது. எழுந்து போக வேண்டி வந்தால் வாக்கியத்தை முடிக்க மாட்டேன். வினைமுற்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டுப் போவேன். 'அவள் சாவியை அவன் கையில்' என்று நிற்கும். கொடுத்தாளா, வைத்தாளா, கண்டாளா? இரவு படுக்கப் போகும்வரை அந்தக் கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் உட்காரும்போது கால் மணி நேரம் ஐந்து நிமிடமாகக் குறைந்துவிடும். நம் மொழியில் வினை கடைசியில் வருவதற்கு இலக்கணக்காரர்கள் என்ன காரணம் சொல்வார்களோ தெரியாது, எனக்கு இது போதும்.

துணி உலர்த்தும்போது போனிடம் சொல்லிச் சொல்லி எழுதவைத்தும் பார்த்திருக்கிறேன். போன் பாரபட்சம் பார்க்காது, காதில் விழுந்ததையெல்லாம் எழுதும். ஒரு கதையின் முதல் வரைவில் இன்றும் இருக்கிறது: 'அவள் நெடுநேரம் மௌனமாக இருந்தாள் டேய் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போ அந்த மௌனம் அவனைச் சுட்டது.'

இந்தச் சொல்லி எழுதவைக்கும் வேலையில் எனக்கு முன்னோடி வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-இல் பிறந்தவர், சிறுவயதிலேயே மணம் முடிக்கப்பட்டவர். மனதில் கதை இருந்த காலத்தில் அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். பிறகு கோதைநாயகி எழுதக் கற்றுக்கொண்டு, 'ஜகன்மோகினி' இதழை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதியது எல்லோரும் சொல்லும் வரலாறு. கட்டுரைகளில் பட்டம்மாளுக்கு ஒரு வரி கிடைக்கும். எனக்கு அந்த ஒரு வரியில்தான் கண். 115 என்ற எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, நம்மால் ஆகாது என்று புத்தகத்தை மூடிவிடத் தோன்றுகிறது. பக்கத்தில் ஒருத்தி பேனாவோடு உட்கார்ந்திருந்தாள் என்று படிக்கும்போது மூடத் தோன்றுவதில்லை.

என் பட்டம்மாள் என் மாமியார். அவர் எழுதித் தருவதில்லை. என் கதைகளை அவர் படித்ததாகவும் தெரியவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, வழக்கம்போல், "அத்தை, கொஞ்ச நேரம் பிள்ளைங்களைப் பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரம்னா எனக்குக் கணக்குத் தெரியாதும்மா. மணி சொல்லு."

"சும்மா கொஞ்ச நேரம்தான் அத்தை."

"எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி வரைக்கும்? நீ ஆபீசுக்குக் கிளம்புறப்ப கொஞ்ச நேரம் போயிட்டு வரேன்னா சொல்லிட்டுப் போற?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மணி சொன்னால் அது கேட்டுப் பெற்ற நேரமாகிவிடும். 'கொஞ்சம்' என்றால் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். குழந்தை அழுதால் கொடுத்துவிடலாம், யாராவது வந்தால் கொடுத்துவிடலாம், கதை வரவில்லை என்றால் யாருக்கும் தெரியாமல் எழுந்து வந்துவிடலாம். இத்தனை வருடமாக நான் என் எழுத்தைக் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குள் ஒளித்துவைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கேட்டால் தருவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தைவிட, கேட்டு வாங்கிவிட்டு ஒன்றும் எழுதாமல் போனால் என்ன சொல்வது என்ற பயம்தான் பெரிது.

கடைசியில் வியாழக்கிழமை மாலை 6 முதல் 8 வரை என்று முடிவானது. சொல்வது ஒரு வரி. நடைமுறைக்கு வர மூன்று மாதம் ஆனது. அத்தைக்கு எழுபது வயது. அவரால் சிறியவனைத் துரத்த முடியாது. ஆகவே கணவரும் வியாழக்கிழமை சீக்கிரம் வர வேண்டும், வீட்டுப்பாடமும் இரவுச் சாப்பாடும் அவர் பொறுப்பு. அவருக்கு வியாழன் மாலை ஒரு வாராந்தரக் கூட்டம் இருந்தது. "அதை மாத்த முடியாதே" என்றார். சில வாரம் கழித்து மாற்றினார். அலுவலகத்தில் என்ன காரணம் சொன்னார் என்று கேட்டேன். "வியாழக்கிழமை எனக்கு வீட்டில ஒரு வேலை இருக்குன்னேன்." அது போதும். 'மனைவி எழுதுகிறாள்' என்று சொல்ல அவருக்கு இன்னும் ஓராண்டு ஆனது. ஆனால் சொன்னார், அதையும் எழுதிவிட வேண்டும். அவர் செய்வதற்கு 'உதவி' என்று யாராவது பெயர் வைத்தால் இப்போது அவருக்கே கூச்சமாக இருக்கிறது.

முதல் நான்கு வாரம் கதவுக்கு வெளியே மகன் அழுதான். நான் உள்ளே உட்கார்ந்து அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வரி எழுதவில்லை. அத்தை கதவைத் தட்டவில்லை, நான் வெளியே எட்டிப் பார்த்தபோதும், "இன்னும் எட்டு ஆகலை, உள்ள போ" என்றார். ஐந்தாவது வாரம் அவன் அழவில்லை. அப்பாவோடு ஏதோ விளையாடிக் கெக்கலித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கொஞ்சம் வலித்தது, மறைக்க மாட்டேன். அன்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

மகளைப் பற்றி ஒன்று. ஒரு வியாழக்கிழமை என் அம்மா போனில் கூப்பிட்டார். மகள்தான் எடுத்தாள். "அம்மாவா? ரூம்ல சும்மாதான் உட்கார்ந்திருக்காங்க பாட்டி" என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுவதில் பாதி வெளியிலிருந்து பார்த்தால் சும்மா இருப்பது போலத்தான் இருக்கும். அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலும் அதற்கு வேலை என்றுதான் பெயர். அந்தச் சலுகை வீட்டில் கிடையாது.

அவள் இப்போது என் கதைகளைப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். "இதுல வர்ற பொண்ணு நானா?" என்று கேட்கிறாள். இல்லை என்றால் முகம் வாடுகிறது. ஆமாம் என்றால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று சண்டைக்கு வருகிறாள். ஆகவே பிள்ளைகள் சொன்ன எதையும் அவர்களைக் கேட்காமல் கதையில் வைப்பதில்லை. பென்சில் சீவி விஷயத்துக்கும், போனில் பாட்டியிடம் சொன்னதற்கும் அனுமதி வாங்கிவிட்டேன். செருப்பு விஷயத்துக்குச் சிறியவன் இன்னும் பதில் சொல்லவில்லை, அவனுக்குக் கேள்வி புரியவில்லை.

பெண் எழுத வேண்டுமானால் தனி அறை வேண்டும் என்று 1929-இல் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் எழுதியது இப்போது எல்லோருக்கும் பாடம். அவர் வருமானத்தையும் சேர்த்துத்தான் சொன்னார், அறையை மட்டும் பிடித்துக்கொண்டோம். அவருக்குக் குழந்தைகள் இல்லை. இருந்திருந்தால் அறைக்கு வெளியே ஓர் ஆளையும் பட்டியலில் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதிய அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் அந்தக் கணக்கை நேராகவே போட்டார். ஒருவரால் இரண்டு முழுநேர வேலை பார்க்க முடியாது, இருவர் சேர்ந்தால் மூன்று முழுநேர வேலை பார்க்கலாம் என்பது அவர் வாதம். அவருடைய கணவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியர். கணக்கில் அவரும் ஓர் ஆள்.

அத்தையும் இல்லை, கணவரும் இல்லை என்பவர்கள் என்ன செய்வது? என்னிடம் பெரிய பதில் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் தனியாகப் பிள்ளை வளர்க்கிறார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் மகன் எங்கள் வீட்டில். இன்னொரு சனிக்கிழமை என் பிள்ளைகள் அவர் வீட்டில். எனக்குக் கிடைக்கும் சனிக்கிழமையில் நான் எழுதுகிறேன். அவருக்குக் கிடைப்பதில் அவர் தூங்குகிறார். அவருக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

இப்போது உங்களிடம் வருகிறேன். 'எப்படிச் சமாளிக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு ஒரே மாதிரிப் பதில்தான் வரும். கேட்கப்படுபவர் தன் பெருமையைச் சொல்ல வேண்டும், அல்லது தன் துன்பத்தைச் சொல்ல வேண்டும். இரண்டிலும் அவர் தனியாகவே நிற்பார். அதை எடுத்துவிட்டு, "இந்தப் புத்தகம் எழுதிய காலத்தில் உங்கள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேளுங்கள். வலப்பக்கத்தில் இருப்பவரிடமும் கேளுங்கள், இடப்பக்கத்தில் இருப்பவரிடமும் கேளுங்கள். நாவலாசிரியர் சங்கடப்படுவார் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் யோசித்து ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயர் அச்சில் வரட்டும். மாமியாரோ, மனைவியோ, சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்பவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. அதைப் படிக்கிற ஒரு பெண், நான்கு மணிக்கு அலாரம் வைப்பதற்குப் பதில், யாரிடம் மணி கேட்கலாம் என்று யோசிப்பாள். அவள் வீட்டில் இருப்பவரும் அதே பக்கத்தைப் படிப்பார்.

இன்னொன்று உங்கள் ஆண்டுச் சிறுகதைப் போட்டி. வயது வரம்பு 35 என்று போட்டிருக்கிறீர்கள். புதியவர்களுக்கு இடம் தர வேண்டும் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் புதியவர் என்றால் இளையவர் என்று எப்படி ஆனது? முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் நடுவில் என் முப்பதுகள் எங்கே போயின என்று எனக்கே தெரியவில்லை. டோனி மாரிசனின் முதல் நாவல் வந்தபோது அவருக்கு வயது 39. உங்கள் போட்டியில் அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள மாட்டீர்கள். மூன்று பிள்ளைகளை வளர்த்து, பல வருடம் ஆசிரியையாக வேலை பார்த்த ஆங்கில எழுத்தாளர் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு முதல் புத்தகம் வந்தது 58 வயதில். அடுத்த சில வருடங்களிலேயே, 1979-இல், புக்கர் பரிசு வாங்கினார். வயதை எடுத்துவிட்டு 'இதுவரை நூல் வெளியிடாதவர்கள்' என்று போடுங்கள். நீங்கள் தேடுகிற புதியவர் அப்போதும் கிடைப்பார், இன்னும் பலர் கூட வருவார்கள். அறிவிப்பையும் இரண்டு மாதம் முன்னதாகக் கொடுங்கள். பத்து நாள் கெடு என்றால் எனக்கு ஒரு வியாழக்கிழமைதான், மிஞ்சினால் இரண்டு.

பிழை திருத்தத்துக்குப் பத்திரிகைகளிலிருந்து போன் வருவது பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை வேறொரு இதழிலிருந்து மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் இடம் இல்லை, கடைசிப் பத்தியை எடுத்துவிடலாமா என்றார்கள். நான் சிறியவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், தலையெல்லாம் சோப்பு. "சரி சார், சரி சார்" என்று சொல்லிவிட்டேன். கதை வந்தபோது, கதாநாயகி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதற்கு நின்றாள் என்பது அந்தக் கடைசிப் பத்தியில் இருந்தது. வாசகர்கள் மூன்று பேர், முடிவைத் திறந்து விட்டது அருமை என்று எழுதியிருந்தார்கள்.

இந்தக் கடிதம் நீளம் என்று எனக்கே தெரிகிறது. நான்கு வியாழக்கிழமைகளில் எழுதினால் 'சென்ற ஞாயிறு' பழையதாகிவிடும் என்பதால், இந்த ஒரு வாரம் என் கதையை நிறுத்திவிட்டு அத்தையிடம் செவ்வாய்க்கிழமையும் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கினேன். "கதையா?" என்றார். "இல்ல அத்தை, பேப்பருக்கு லெட்டர்." "அதுல நான் வர்றேனா?" வருகிறார் என்று சொன்னேன். மணி விஷயத்தை மாற்றாமல் எழுதச் சொன்னார்.

சுருக்க வேண்டுமானால் என் வேலையைப் பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள், போன் எழுதிய வாக்கியத்தையும் எடுத்துவிடலாம். பட்டம்மாள் வரும் பத்தியை மட்டும் தொட வேண்டாம். ஏதாவது கேட்கக் கூப்பிடுவதானால் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் கூப்பிடுங்கள். வியாழக்கிழமை ஆறிலிருந்து எட்டு வரை போன் அத்தையிடம் இருக்கும். அவர் கொடுக்க மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி
(அலுவலகம் கருதிப் பெயரை வெளியிட வேண்டாம்)